43 டிகிரியும் 7 மில்லிமீட்டரும்: நீள்முகம் என்று எழுதப்பட்ட ஒரு முகத்தின் நிகழ்வு ஆய்வு

அந்தப் பெண் ஒரு பெரிய உறையோடு வந்தார். உள்ளே தலையைப் பக்கவாட்டில் அளவெடுக்கும் செபலோகிராம் எக்ஸ்ரே, நான்கு புகைப்படங்கள், கணினியில் எடுத்த அளவுத்தாள். அளவுத்தாளில் ஒரே ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்: 43. மண்டையோட்டின் அடியில் உள்ள செல்லா புள்ளியையும் மூக்கின் வேரில் உள்ள நேசியன் புள்ளியையும் இணைக்கும் எஸ்.என். தளத்துக்கும், தாடையின் அடிவிளிம்பை ஒட்டிய கீழ்த்தாடைத் தளத்துக்கும் நடுவிலான கோணம் அது. ஸ்டெய்னர் என்பவரின் அளவு முறையில் சராசரி 32. எண் கூடினால் முகம் நீளம் என்று எடுத்துக்கொள்வார்கள். தாளின் அடியில் ஒரு வரியில் சிகிச்சைத் திட்டமும் இருந்தது: ‘உயர்கோண முகம், நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு கிளாஸ் 2 எலாஸ்டிக்.’ மேல் பற்களைப் பின்னாலும் கீழ்ப் பற்களை முன்னாலும் இழுக்கும் ரப்பர் வளையம்தான் கிளாஸ் 2 எலாஸ்டிக். வேறோர் இடத்தில் எழுதிக் கொடுத்த திட்டம். இன்னொரு கருத்தும் கேட்கலாம் என்று என்னிடம் வந்திருக்கிறார்.

வயது 22. என்ன பிரச்சினை என்று கேட்டேன்.

“சிரிச்சா பல்லைவிட ஈறுதான் டாக்டர் தெரியுது. போட்டோன்னாலே வாயை மூடிக்குவேன்.”

கூட வந்திருந்த அம்மா குறுக்கிட்டார். “மூடவும் ஒழுங்கா வராது டாக்டர். சின்ன வயசுலேருந்து வாயை மூடுடி, வாயை மூடுடின்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு.”

மகள் சொன்னது சிரிப்பில் ஈறு தெரிவதைப் பற்றி. அம்மா சொன்னது சும்மா இருக்கும்போது உதடு சேராததைப் பற்றி. இரண்டும் வேறு வேறு குறைகள், வேறு வேறு காரணங்களால் வரக்கூடியவை. நான் அப்போது அதைக் காதில் சரியாக வாங்கவில்லை. அந்த 43 மேல்தான் என் கண்ணும் இருந்தது.

முகத்தைப் பக்கவாட்டில் பார்த்து முன்னே, பின்னே என்று வகைப்படுத்துவது எங்கள் பல் சீரமைப்புத் துறையில் பழகிப்போன ஒன்று. எட்வர்ட் ஆங்கிள் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் 1899-இல் தந்த வகைப்பாடே அப்படி: கடைவாய்ப் பற்கள் முன்னும் பின்னுமாக எப்படிப் பொருந்துகின்றன என்பதுதான் அதில் கணக்கு, உயரம் என்ற பேச்சே கிடையாது. 1931-இல் பிராட்பெண்டும் ஹோஃப்ராத்தும் தனித்தனியே செபலோமெட்ரிக் எக்ஸ்ரே முறையைக் கொண்டுவந்த பிறகுதான் உயரத்தைக் கோணங்களாகப் பேச வழி கிடைத்தது. அப்புறம் நடந்தது என்னவென்றால், கோணம் வந்ததும் ஸ்கேல் மேசைக்குள் போய்விட்டது.

முதலில் புகைப்படம்

உறையில் இருந்த முகப் படத்தில் உதடுகள் மூடியிருந்தன. முகவாயைப் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொடிப்பொடிக் குழிகள். மென்டாலிஸ் தசை கீழுதட்டை மேலே தள்ளிப் பிடித்திருக்கிறது என்பதற்கு அது போதும். கேமராவுக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும் வாயை மூடிக்கொள்வார்கள். ‘வாயை மூடு’ என்று கேட்டே வளர்ந்தவர் இன்னும் இறுக்கமாக மூடுவார். அந்தப் படத்தில் முகத்தின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் கிட்டத்தட்டச் சமமாகவே தெரிந்தன. எக்ஸ்ரேயும் அதே இறுக்கத்தில்தான் எடுக்கப்பட்டிருந்தது. எலும்பின் அளவுக்கு அதனால் பாதகமில்லை. உதட்டைப் பற்றி அந்தப் படம் சொல்வது எதையும் நம்ப முடியாது.

புதிதாக எடுத்தோம். தலையை நாம் பிடித்துத் திருப்பக் கூடாது. நிற்கவைத்து, எதிரே கண் மட்டத்தில் இருக்கும் கண்ணாடியில் தன் கண்ணையே பார்க்கச் சொன்னால் தலை தன் இயல்பான நிலைக்குத் தானே வந்துவிடும். உதடு தளரத்தான் நேரம் பிடித்தது. “லூசா விடுங்க” என்று சொன்னால் இன்னும் இறுகுகிறது. என் வழக்கம் ‘அம்மா’ என்று சொல்லச் சொல்வது. ‘ம்’-இல் உதடுகள் தொட்டு, ‘மா’-வில் பிரிந்து, சொல் முடிந்ததும் அப்படியே தங்கும் இடம் ஓய்வுநிலைக்கு மிக அருகில் இருக்கும். மூன்று நான்கு முறை சொல்லவைத்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால்தான் குறித்துக்கொள்வேன்.

இவர் சொன்னபோது ஒன்றைக் கவனித்தேன். ‘ம்’-க்காக உதடுகளைச் சேர்க்க அவருக்கு முகவாய் முழுவதும் சுருங்க வேண்டியிருந்தது. சொல் முடிந்ததும் கீழுதடு விழுவது மாதிரி கீழே இறங்கியது.

ஒரே முகம், மூன்று உயரம்

முகத்தை மூன்று சம பாகமாகப் பார்க்கும் முறை மிகப் பழையது, ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் காலத்திலேயே உண்டு. முடி தொடங்கும் கோட்டிலிருந்து புருவ மையம் வரை ஒன்று, அங்கிருந்து மூக்கடி வரை ஒன்று, மூக்கடியிலிருந்து முகவாயின் அடி வரை ஒன்று. மேல் பாகத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. முடி ஏறி இறங்குவதற்கெல்லாம் பல் சீரமைப்பில் மருந்து கிடையாது. மீதி இரண்டும் சுமாராக 1:1 இருக்க வேண்டும். கீழ்ப் பாகத்துக்குள் இன்னொரு பிரிவு உண்டு: மூக்கடியிலிருந்து மேலுதட்டின் அடி வரை ஒரு பங்கு, அதற்குக் கீழே இரண்டு பங்கு.

கேலிப்பர் வைத்து அளந்தேன். புருவ மையம் முதல் மூக்கடி வரை 63 மி.மீ. கீழ்ப் பாகத்தை மூன்று நிலையில் எடுத்தேன். தாடையும் உதடும் தளர்ந்து, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது 75. பற்களைக் கடித்து, உதட்டை மட்டும் தளரவிட்டால் 72. பற்களைக் கடித்து உதட்டையும் இறுக்கி மூடினால் 70, ஏனென்றால் முகவாயின் தசை மேலே ஏறிக்கொள்கிறது.

75, 72, 70. எந்த நிலையில் எடுத்தது என்று எழுதாமல் ‘கீழ்ப் பாகம் இத்தனை மி.மீ.’ என்று கோப்பில் எழுதுவதில் பொருளே இல்லை. இவருக்கு அந்த 5 மி.மீ. வித்தியாசம்தான் ‘கொஞ்சம் நீளம்’ என்பதற்கும் ‘அறுவை சிகிச்சை வேண்டும்’ என்பதற்கும் நடுவே கிடந்தது. நான் எடுத்துக்கொள்வது நடுவில் உள்ளதை: பற்கள் கடித்த நிலை, உதடு தளர்ந்த நிலை. எக்ஸ்ரேயும் அதே நிலையில் எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

72-ஐப் பிரித்தேன். மேலுதட்டின் நீளம் 20. இளம்பெண்ணுக்கு இது சராசரி, உதடு குட்டை என்று சொல்ல இடமில்லை. இரண்டு உதடுகளுக்கும் நடுவே இடைவெளி 7. 3 வரை இருந்தால் நான் பேசாமல் விட்டுவிடுவேன். கீழுதட்டிலிருந்து முகவாயின் அடி வரை 45. மேலுதடு 20 என்றால் கீழே 40 இருப்பதுதான் பழைய விகிதம். ஆக நடுப் பாகத்தைவிடக் கூடுதலாக இருக்கும் 9 மி.மீ.-இல் ஒரு பகுதி முகவாயின் உயரம், ஒரு பகுதி வெறும் இடைவெளி. இரண்டையும் ஒரே மருந்தால் குறைக்க முடியாது.

அப்புறம் நான் முதலில் எடுத்திருக்க வேண்டிய அளவு. ஓய்வுநிலையில் மேல் நடு வெட்டுப்பல் உதட்டுக்குக் கீழே எவ்வளவு தெரிகிறது?

7 மி.மீ.

விக், புருண்டோ இருவரும் 1978-இல் வெளியிட்ட அளவுகளில் பெண்களுக்குச் சராசரி 3.4, ஆண்களுக்கு 1.9. வயது ஏற ஏற மேற்பல் தெரிவது குறைந்து கீழ்ப்பல் தெரிவது கூடும் என்பதும் அதே ஆய்வில் உண்டு. இந்தக் கடைசி வரியைப் பிற்பாடு இலக்கை முடிவு செய்யும்போது பயன்படுத்தினேன்.

சிரிக்கச் சொன்னேன். முழுப் பல்லும் தெரிந்து, அதற்கு மேல் 5 மி.மீ. ஈறு. பல்லின் கிரீட உயரம் 10, அகலம் 8.2, அதாவது ஈறு பல்லை மூடிக் குட்டையாக்கவில்லை. ஈறின் ஆழத்தை அளக்கும் புரோப் வைத்துப் பார்த்ததிலும் அப்படித்தான். எனவே ஈறை வெட்டிச் சரிசெய்யலாம் என்ற எளிய வழி கிடையாது. உதடு அளவுக்கு மீறி ஏறுகிறதா? சிரிப்பில் தெரிவது 10 + 5 = 15, ஓய்வில் 7. உதடு ஏறிய தூரம் 8. பொதுவாக 6 முதல் 8 வரை இருக்கும், இவருக்கு மேல் வரம்பில், ஆனால் வரம்புக்குள்.

உதடு குட்டை இல்லை, உதடு அதிகம் ஏறவும் இல்லை, பல்லும் குட்டை இல்லை. மிச்சமிருப்பது ஒன்றே: பல் இருக்கும் இடமே கீழே இருக்கிறது. ஒரு ஸ்கேலும் பொறுமையும் இருந்தால் இதுவரை வந்துவிடலாம். எலும்பு கீழே வந்ததா, பல் மட்டும் இறங்கியதா என்பதற்குத்தான் எக்ஸ்ரே.

43 எங்கிருந்து வந்தது

எக்ஸ்ரேயில் நான் தேடிய முதல் எண், காதுத் துளையின் மேலிருந்து கண்குழியின் அடி வரை போகும் ஃபிராங்க்ஃபர்ட் தளத்துக்கும் கீழ்த்தாடைக்கும் நடுவிலான எஃப்.எம்.ஏ. கோணம். ட்வீட் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் சொன்ன இயல்பு அளவு 25. இவருக்கு 29. அண்ணத்தை ஒட்டிய மேல்தாடைத் தளத்துக்கும் கீழ்த்தாடைத் தளத்துக்கும் நடுவே 31. இயல்பு 27, நாலு டிகிரி முன்பின் இருக்கலாம். இரண்டுமே ‘சற்றே உயரம்’ என்கின்றன. எஸ்.என். கோணம் மட்டும் 11 டிகிரி கூடுதல் என்று கத்துகிறது.

கழித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். 43-இலிருந்து 29 போனால் 14. எஸ்.என். தளத்துக்கும் ஃபிராங்க்ஃபர்ட் தளத்துக்கும் நடுவே பொதுவாக 7 டிகிரி அளவில்தான் இருக்கும். இவருக்கு அதன் இரு மடங்கு. மண்டையோட்டின் அடியில் செல்லா புள்ளி கீழே கிடக்கிறது. எஸ்.என். கோடே சாய்ந்திருக்கிறது. சாய்ந்த தளத்திலிருந்து அளந்தால் எந்தக் கீழ்த்தாடையும் செங்குத்தாகத்தான் தெரியும்.

அளவுத்தாளில் 43-க்குத் துணையாக ஜாராபக் விகிதமும் இருந்தது: பின்முக உயரத்தை முன்முக உயரத்தால் வகுத்த சதவீதம். இவருக்கு 60.5, வழக்கமாக 62 முதல் 65. ‘இரண்டு அளவுகளும் ஒன்றையே காட்டுகின்றன’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். ஆனால் பின்முக உயரம் எங்கே தொடங்குகிறது? செல்லாவில். முன்முக உயரம் நேசியனில். எஸ்.என். கோட்டின் அதே இரண்டு முனைகள். செல்லா கீழே இருந்தால் பின்முக உயரம் தானாகக் குறையும், விகிதமும் இறங்கும். ஒரே ஆளைச் சட்டையை மாற்றி இரண்டு முறை சாட்சிக் கூண்டில் ஏற்றிய கதைதான் இது. செபலோமெட்ரிக்ஸில் இந்த ஏமாற்று நிறைய நடக்கிறது. ஓர் அளவை இன்னொன்று உறுதிப்படுத்துகிறது என்று சொல்வதற்கு முன்னால் இரண்டும் எந்தப் புள்ளிகளைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பார்ப்பது நல்லது.

எக்ஸ்ரேயில், எலும்பளவில், கீழ்முக உயரம் 67 மி.மீ., மேல்முகம் 51. மொத்தத்தில் கீழ்முகத்தின் பங்கு சுமார் 57 சதவீதம், இயல்பு 55. இதுவும் ‘கொஞ்சம்’தான். வளரும்போது தாடை எந்தப் பக்கம் சுழன்றது என்பதற்கு பியோர்க் 1969-இல் விவரித்த அடையாளங்களையும் ஒரு பார்வை பார்த்தேன். நரம்பு ஓடும் கீழ்த்தாடைக் கால்வாய் நன்றாகவே வளைந்திருந்தது. தாடையின் கீழ் விளிம்பில் கோணத்துக்கு முன்னால் ஆழமான பள்ளம் இல்லை. கடுமையாகப் பின்சுழன்று வளர்ந்த தாடையின் முகம் இதுவல்ல. 22 வயதில் இனி வளர்ச்சி என்று பெரிதாக எதுவும் வரப்போவதும் இல்லை.

அப்படியானால் அந்த 7 மி.மீ.? அதற்கு மேல்தாடைத் தளத்திலிருந்து பல்லுக்கு நேராக அளக்க வேண்டும். எஸ்.என். கோட்டின் சாய்வு இந்த அளவைத் தொடாது. பர்ஸ்டோனும் உடனிருந்தவர்களும் 1978-இல் அறுவை சிகிச்சைக்காகத் தொகுத்த பகுப்பாய்வில் பெண்களுக்கு மேல் வெட்டுப்பல் வரை 27.5, மேல் முதல் கடைவாய்ப்பல் வரை 23. இவருக்கு 32-உம் 25.5-உம். கீழே, தாடைத் தளத்திலிருந்து வெட்டுப்பல் வரை சராசரி 40.8-க்கு இவருக்கு 43, கடைவாய்ப்பல் 32.1-க்கு 33. அந்தச் சராசரிகள் அமெரிக்க வெள்ளையர் முகங்களில் எடுத்தவை. ஆகவே தசம இடத்தைப் பார்த்து நான் சண்டை போடுவதில்லை. மேல் முன்பக்கம் 4.5 கூடுதல், மேல் பின்பக்கம் 2.5 கூடுதல், கீழே சில்லறை. அந்த வரிசை போதும்.

மொத்தப் படம் இப்போது வேறு. கீழ்த்தாடை செங்குத்தாக இருப்பதல்ல இங்கே முதல் பிரச்சினை. மேல்தாடையின் பல் தாங்கும் எலும்பு உயரமாக வளர்ந்து, முன்னால் அதிகமாகவும் பின்னால் குறைவாகவும், பற்களைக் கீழே இறக்கியிருக்கிறது. பின்பக்கம் இறங்கிய 2.5-தான் கீழ்த்தாடையைச் சற்றே பின்னோக்கித் திறந்து வைத்திருக்கிறது. 1976-இல் ஷெண்டலும் மற்றவர்களும் ‘நீள்முக’ நோய்க்குறியை மேல்தாடையின் செங்குத்து மிகையோடு சேர்த்து எழுதியதன் மிதமான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மீதியைச் சுருக்கமாக: கடைவாய்ப் பற்கள் அரை அளவு கிளாஸ் 2 (மேல் வரிசை முன்னே நிற்பது), ஓவர்ஜெட் (மேற்பல் கீழ்ப்பல்லுக்கு முன்னே நீளும் தூரம்) 6, ஓவர்பைட் (மேற்பல் கீழ்ப்பல்லை மூடும் உயரம்) 4, ஏ.என்.பி. (இரு தாடைகளின் முன்பின் வித்தியாசத்தைக் காட்டும் கோணம்) 5, கீழ் வெட்டுப்பல் சாய்வு 97 டிகிரி, கீழே நெரிசல் 3 மி.மீ. மூக்கு வழி மூச்சில் தடையில்லை என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

எலாஸ்டிக் போட்டிருந்தால்

உறையில் இருந்த திட்டத்தை நான் குறை சொல்லத் துணிவதற்கு ஒரே காரணம், அதை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். ஆரம்ப நாட்களில் ஓர் இளைஞருக்கு ஒன்பது மாதம் கிளாஸ் 2 எலாஸ்டிக் போட்டேன். கடைவாய் அழகாகப் பொருந்தியது. கடைசிப் புகைப்படத்தைத் தொடக்கப் படத்தின் பக்கத்தில் வைத்தபோதுதான் ஈறு முன்பைவிட அதிகமாகத் தெரிவது கண்ணில் பட்டது. எவ்வளவு அதிகம் என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் தொடக்கக் கோப்பில் ஓய்வுநிலை அளவையே நான் எடுத்திருக்கவில்லை.

காரணம் எளிது. அந்த எலாஸ்டிக் மேல் கோரைப்பல்லிலிருந்து கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குச் சாய்வாக ஓடுகிறது. மேல் முன்பற்களைப் பின்னால் இழுப்பதோடு கீழேயும் இழுக்கும். கீழ்க் கடைவாய்ப்பல்லை முன்னால் இழுப்பதோடு மேலேயும் தூக்கும். கடைவாய் உயர்ந்தால் கீழ்த்தாடை பின்னோக்கித் திறக்கும், முகவாய் கீழேயும் பின்னேயும் போகும். ஏற்கெனவே 7 தெரிகிற பல்லை இன்னும் இறக்கி, ஏற்கெனவே சேராத உதட்டை இன்னும் பிரிப்பது. எலாஸ்டிக் இல்லாமல் வெறுமனே முன்பற்களைப் பின்னால் இழுத்தாலும் கதை பாதி அதேதான்: ஊஞ்சல் பின்னால் வரும்போது தாழ்வது மாதிரி, சாய்ந்து பின்வரும் வெட்டுப்பல்லின் நுனி கீழே இறங்கும்.

இலக்கு

திட்டத்தை மேல் வெட்டுப்பல்லின் நுனியிலிருந்து தொடங்கினேன். ஓய்வில் 7 தெரிவது எத்தனையாக வேண்டும்? சராசரியான 3.4-க்கே குறைக்கலாம் என்றுதான் தோன்றும். நான் 4 என்று வைத்தேன். வயதோடு இது குறையத்தான் போகிறது. 22 வயதில் 2-க்குக் குறைத்துவிட்டால் 45 வயதில் மேற்பல்லே தெரியாத முகமாகிவிடும். சிரிப்பில் ஈறே தெரியக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார். கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஓய்வில் 4, உதடு ஏறுவது 8, ஆக 12, பல் 10, ஈறு 2 தெரியும்.

“ரெண்டு மில்லிமீட்டர்னா எவ்வளவு டாக்டர்?”

கேலிப்பரை 2-க்குத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியில் தன் ஈறின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இவ்வளவுதானா, அப்ப சரி.”

வழிகள் இரண்டு. மேல்தாடை எலும்பை வெட்டிப் பிரிக்கும் லெஃபோர்ட் 1 அறுவையில் அந்தத் தாடையையே மேலே ஏற்றலாம். கீழ்த்தாடை தானாகச் சுழன்று மேலே வரும், முகவாயும் முன்னே வரும். பலன் நிச்சயம், உயரமும் அதிகம் குறையும். மற்றது, மினி ஸ்க்ரூக்களை எலும்பில் வைத்து மேல் வரிசை முழுவதையும் மெல்ல மேலே ஏற்றுவது. பலன் குறைவு, காலம் அதிகம். முகத்தின் நீளத்தையே குறைக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தால் நான் அறுவையைத்தான் சொல்லியிருப்பேன். கோணங்கள் மிதமாக இருந்ததும், அவர் கேட்டது ஈறையும் உதட்டையும் மட்டுமே என்பதும் இரண்டாவதற்கு இடம் கொடுத்தன. அறுவையை அவரும் விரும்பவில்லை.

இங்கே ஒரு கணக்கு உதவியது. முன்பற்களை மட்டும் 3 ஏற்றினால் ஓவர்பைட் 4-இலிருந்து 1 ஆகிவிடும். ஆனால் பின்பற்கள் 1 ஏறினால் தாடை கீல் போலச் சுழன்று முன்பக்கம் 2 முதல் 3 வரை மூடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஓவர்பைட் தானே சரியாக நிற்கும். முன்னே 3, பின்னே 1.5 என்று திட்டம் வைத்தேன்.

26 மாதங்கள்

மேல் முதல் முன்கடைவாய்ப் பற்கள் இரண்டை மட்டும் எடுத்தோம். கீழே எதையும் எடுக்கவில்லை. நெரிசலுக்குப் பற்களின் பக்கங்களைக் கொஞ்சம் தேய்த்து இடம் எடுத்தோம். சிகிச்சை முடிவில் கடைவாய் முழு கிளாஸ் 2-ஆக இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கன்ன எலும்பின் அடிவிளிம்பில் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்க்ரூ, அண்ணத்தில் ஒன்று, முன்பக்கம் பக்க வெட்டுப்பல்லுக்கும் கோரைப்பல்லுக்கும் நடுவே இரு பக்கமும் ஒவ்வொன்று. வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் கடைவாயை மேலே இழுத்தால் பல் கன்னத்தை நோக்கிச் சாயும். அதற்காக இரண்டு கடைவாய்ப் பற்களையும் இணைத்து அண்ணத்தின் குறுக்கே ஒரு வளைகம்பி. அந்தக் கம்பியை அண்ணத்திலிருந்து 4 மி.மீ. விலக்கி வளைக்க வேண்டும். பல் மேலே ஏறும்போது கம்பியும் கூடவே ஏறும், விலக்காமல் விட்டால் சதைக்குள் புதைந்துவிடும். முதல் மாதம் அவருக்கு அதனால் பேச்சு குழறியது, நாக்கில் கம்பியின் தடம் விழுந்தது. பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு 150 கிராம் விசை. முன்னே நான்கு வெட்டுப் பற்களுக்கும் சேர்த்து 60 மட்டும். முன்பற்களை மேலே ஏற்றுவதில் அவசரப்பட்டால் வேர் நுனி கரையும். ஆறாம் மாத எக்ஸ்ரேயில் ஒரு பக்க வெட்டுப்பல்லின் நுனி லேசாக மழுங்கியிருந்தது. அங்கே ஆறு வாரம் விசையை நிறுத்தி வைத்தேன்.

ஐந்தாம் மாதம் வலது கன்ன ஸ்க்ரூ ஆடத் தொடங்கியிருந்தது. எடுத்துவிட்டு, புண் ஆறியதும் பக்கத்தில் புதிதாக வைத்தோம். அந்த இடைவெளியில் இடப்பக்கம் மட்டும் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் அதை நிறுத்தவில்லை. ஒரு நாள் மரத்தகட்டைக் குறுக்காகக் கடிக்கச் சொல்லி முன்னால் நின்று பார்த்தபோது தகடு கண் கோட்டுக்கு இணையாக இல்லை, சாய்ந்திருந்தது. ஸ்க்ரூ ஆடியது யார் தவறும் இல்லை. மற்றப் பக்கத்தை அன்றே கழற்றாமல் விட்டது என் தவறு. சமன்படுத்த மூன்று மாதம் போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருகையிலும் முதல் வேலை அந்த மரத்தகடுதான்.

முடிந்தபோது

ஓய்வில் தெரியும் பல் 7-இலிருந்து 4. சிரிப்பில் ஈறு 5-இலிருந்து 2. உதட்டிடைவெளி 7-இலிருந்து 3. ஓவர்ஜெட் 2, ஓவர்பைட் 2.5. மேல்தாடைத் தளத்திலிருந்து வெட்டுப்பல் 32-இலிருந்து 29.5, கடைவாய் 25.5-இலிருந்து 24.

வெட்டுப்பல் ஏறியது 2.5தான், பிறகு எப்படி 3 குறைந்தது? பற்கள் பின்னால் போனதில் மேலுதடு அரை மில்லிமீட்டர் கீழே தளர்ந்து 20.5 ஆனது. அதை நான் திட்டமிடவில்லை, தானாகக் கிடைத்தது.

முக உயரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. மேல் கடைவாய் 1.5 ஏறியதற்கு எலும்பில் கீழ்முக உயரம் 3 குறையலாம் என்று நினைத்திருந்தேன். கிடைத்தது 2: 67-இலிருந்து 65. கீழ்க் கடைவாய்ப்பல் 33-இலிருந்து 33.5 ஆகியிருந்தது. மேலே இடம் கிடைத்ததும் கீழே இருப்பது எழும்பும். கீழ் வரிசையில் தடுப்பு எதுவும் நான் வைக்கவில்லை. அடுத்த முறை வைப்பேன். வெளியில் அளந்த கீழ்ப் பாகம் 72-இலிருந்து 69.5. நடுப் பாகம் அதே 63. 1:1 என்ற பழைய கணக்குப்படி இது இன்னும் நீளமான முகம்தான். எஃப்.எம்.ஏ. 28. சிவப்பு வட்டத்துக்குள் இருந்த 43 இப்போது 42. அளவுத்தாளை மட்டும் ஒருவரிடம் நீட்டினால் சிகிச்சைக்கு முன்னால் எடுத்ததா பின்னால் எடுத்ததா என்று கேட்பார்.

பற்களை நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் கொடுத்து ஓராண்டு கழித்து வந்தபோது மறுபடி அளந்தேன். ஓய்வில் 4 அப்படியே நின்றது. மேல் கடைவாய் அரை மில்லிமீட்டர் திரும்பி இறங்கியிருந்தது, ஓவர்பைட் 2. அம்மாவும் வந்திருந்தார். புகைப்படத்துக்கு நிற்கவைத்ததும் மகள் பழைய பழக்கத்தில் உதட்டை இறுக்கிக்கொண்டார். “அம்மான்னு சொல்லுங்க” என்றேன். பின்னாலிருந்து அம்மா “என்னடி?” என்றார். எல்லோரும் சிரித்து அடங்கிய பிறகு மறுபடி சொன்னார். ‘ம்’-இல் உதடுகள் தொட்டுப் பிரிந்தன. முகவாயில் குழி விழவில்லை.